ஐந்து வெள்ளிக்காசுச் சட்டை

எங்கள் வீட்டில் மார்ட்டின் என்றால் துடைப்பம் வைத்திருப்பவர்தான். திண்டுக்கல் பக்கம் சித்தப்பா நடத்தும் தையல் கடையில், மெஷினுக்கு நேர் மேலே அந்தப் படம் தொங்குகிறது. பெரு நாட்டு லிமாவின் மார்ட்டின் தே போரஸ். வெள்ளை உடுப்பு, கறுப்பு மேலங்கி, கையில் துடைப்பம், காலடியில் ஒரே தட்டில் வாய் வைக்கும் நாய், பூனை, எலி. சித்தப்பாவுக்கு அவர் பெயர்தான். நவம்பர் 3 வந்தால் கடைக்கு வருகிற எல்லோருக்கும் லட்டும் காராச்சேவும் உண்டு.

எட்டு நாள் கழித்து, நவம்பர் 11இல், இன்னொரு மார்ட்டின் வருவார். பங்குக் காலண்டரில் பொடி எழுத்தில் ‘தூர் நகர் மார்ட்டின், ஆயர்’ என்று போட்டிருக்கும். ஆயர் என்றால் பிஷப். சின்ன வயதில் தூர் என்றதும் எனக்குக் கிணற்றில் தூர் வாருவதுதான் நினைவுக்கு வரும். அவருக்கு லட்டு கிடையாது. லிமாக்காரருக்கே பெயர் இவரிடமிருந்துதான் போனது என்பதெல்லாம் எனக்கு முப்பது வயதுக்கு மேல் தெரிய வந்த சங்கதி.

வேலை விஷயமாகப் பாரீஸ் போயிருந்தபோது ஒரு சனிக்கிழமை சும்மா கிடந்தது. ரயில் ஏறித் தூர் போனேன். அவர் கோவிலைத் தேடிப் போன எனக்கு முதலில் கிடைத்தது ஒரு கடைத்தெரு. அல் தெரு என்று பெயர். இந்தப் பக்கம் தனியாக ஒரு பழங்கால கோபுரம், கொஞ்சம் தள்ளி அந்தப் பக்கம் இன்னொன்று. இரண்டும் ஒரே கோவிலின் கோபுரங்கள். நடுவில் இருந்த கோவில்தான் இல்லை. பிரெஞ்சுப் புரட்சியின்போது அதைக் குதிரை லாயமாக்கினார்கள். 1797இல் மேல்வளைவு இடிந்து விழுந்தது. மிச்சத்தையும் தகர்த்துத் தெருப் போட்டுவிட்டார்கள். ஒரு காலத்தில் ரோமாபுரிக்கும் ஸ்பெயினின் கொம்போஸ்தேலாவுக்கும் இணையாக யாத்திரிகர்கள் வந்த இடத்தில் இப்போது ஆட்கள் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள். தெருவை ஒட்டி, பழைய கோவிலின் ஒரு மூலையை மட்டும் பிடித்துக்கொண்டு, புதிய பேராலயம் நிற்கிறது. கட்டியவர் விக்தர் லாலு. நான் வந்திறங்கிய ரயில் நிலையமும் அவர் கட்டியதே.

சரி, ஆளைப் பற்றிச் சொல்கிறேன்.

மார்ட்டின் பிறந்தது பன்னோனியாவில், சவாரியா என்ற ஊரில். இன்றைக்கு அது அங்கேரியின் சொம்பாத்தெய். பிறந்த ஆண்டு 316 என்று ஒரு கணக்கு, 336 என்று இன்னொரு கணக்கு. அப்பா ரோமைப் படை அதிகாரி. போர்த் தெய்வமான மார்ஸின் பெயரிலிருந்துதான் மகனுக்குப் பெயர் எடுத்தார். வளர்ந்தது இத்தாலியின் பாவியாவில். பத்து வயதில் பெற்றோருக்குப் பிடிக்காமல் கிறிஸ்தவர்களிடம் ஓடினான் பையன். பதினைந்தில் படைக்கு இழுத்துப் போனார்கள். முன்னாள் வீரர்களின் மகன்கள் படையில் சேர வேண்டும் என்பது அரச ஆணை. அங்கே அவனுக்கு ஒரு வேலையாள் இருந்தான். வேலையாளின் செருப்பைக் கழற்றித் துடைப்பது எஜமானின் வேலையாக இருந்ததாம்.

இதையெல்லாம் எழுதி வைத்தவர் சுல்பீசியுஸ் செவேருஸ். வசதியான வழக்கறிஞராக இருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர். மார்ட்டின் உயிரோடு இருக்கும்போதே, அவரை நேரில் பார்த்துப் பேசி, வரலாற்றை எழுதிவிட்டார். அதுவரை திருச்சபை கொண்டாடியது பெரும்பாலும் ரத்தம் சிந்திச் செத்தவர்களைத்தான். கட்டிலில் செத்த ஒருவரைப் புனிதராகக் கொண்டாடும் வழக்கம் மேற்கே வேர்விட்டதில் இந்தச் சின்ன நூலுக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்த நூலில்தான் அமியான் நகர வாசல் வருகிறது. ஆட்கள் விறைத்துச் சாகிற குளிர்காலம். வாசலில் துணியில்லாமல் ஒருவர் பிச்சை கேட்கிறார்; எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். மார்ட்டினிடம் இருப்பது ஆயுதமும், போர்த்தியிருக்கிற ஒற்றைப் படைப் போர்வையும்தான். வாளை உருவிப் போர்வையை இரண்டாக வெட்டிப் பாதியை அவருக்குக் கொடுக்கிறார். மீதிப் பாதியோடு நிற்கும் இவரைப் பார்த்துச் சிலர் சிரிக்கிறார்கள். அன்றிரவு கனவில் கிறிஸ்து அந்தப் பாதியைப் போர்த்திக்கொண்டு வந்து, சுற்றி நிற்கும் வானதூதர்களிடம், “இன்னும் திருமுழுக்குக்கூடப் பெறாத மார்ட்டின் இதை எனக்குப் போர்த்தினான்” என்கிறார்.

இந்தக் காட்சியை வரையாத ஓவியர் ஐரோப்பாவில் குறைவு. எல் கிரேக்கோ தொலேதோ நகரின் ஒரு சிற்றாலயத்துக்கு வரைந்தது இப்போது வாஷிங்டனில் இருக்கிறது. அதில் மார்ட்டின் பளபளக்கும் கவசத்தோடு வெள்ளைக் குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறார். ஏறக்குறைய எல்லாப் படத்திலும் அந்தக் குதிரை உண்டு. சுல்பீசியுஸின் கதையில் குதிரையே கிடையாது. ஓவியர்கள்தான் அவரை ஏற்றிவிட்டார்கள். குதிரை வந்ததும் கொடுக்கிறவர் உயரத்துக்குப் போய்விட, வாங்குகிறவர் அண்ணாந்து பார்க்க வேண்டியதாகிவிட்டது. எனக்கு அந்தக் குதிரை பிடிக்கவில்லை.

பிறகு படையிலிருந்து வெளியேறினார். ரைன் கரையில், இன்றைய வோர்ம்ஸ் நகரில், ரோமை ஆட்சியாளர் ஜூலியான் தன் வீரர்களை வரிசையாகக் கூப்பிட்டு அன்பளிப்புக் காசு கொடுத்துக்கொண்டிருந்தார். தன் முறை வந்தபோது மார்ட்டின் கை நீட்டவில்லை. இதுவரை உமக்குப் போர்வீரனாக இருந்தேன், இனி கிறிஸ்துவுக்கு, சண்டை போட எனக்கு அனுமதியில்லை என்றார். நாளைய சண்டைக்குப் பயந்துவிட்டான் என்று ஏசினார்கள். சரி, நாளை ஆயுதமில்லாமல் முன்வரிசையில் நிறுத்துங்கள் என்றார். மறுநாள் எதிரிகளே சமாதானம் கேட்டு வந்துவிட்டார்களாம். புவாத்தியே நகர ஆயர் இலாரி அவருக்கு, குருவுக்கு ஒரு படி கீழான திருத்தொண்டர் பட்டம் தர விரும்பினார். இவர் பேயோட்டுபவர் என்ற கீழ்நிலைப் பட்டம் போதும் என்று ஒதுங்கிக்கொண்டார். ஊருக்குப் போய் அம்மாவை மனம் திருப்பினார். அப்பா கடைசிவரை அசையவில்லை. 361 வாக்கில் புவாத்தியேக்குப் பக்கத்தில் லிகுஜேயில் ஒரு குடிசையில் துறவியாக உட்கார்ந்தார்.

உட்கார விட்டார்களா? 371இல் தூர் நகருக்கு ஆயர் வேண்டும். கூப்பிட்டால் வரமாட்டார் என்று தெரிந்து, ஒருவர் போய், மனைவிக்கு உடம்பு சரியில்லை, வந்து செபியுங்கள் என்று காலில் விழுந்தார். நம்பி வெளியே வந்தவரை வழியில் காத்திருந்த கூட்டம் வளைத்துக்கொண்டு தூருக்குக் கொண்டுபோனது. அவர் வாத்துக் கொட்டகையில் ஒளிந்தார், வாத்துகள் கத்திக் காட்டிக்கொடுத்தன என்பது பிற்பாடு வந்த கதை. அந்தக் கோபத்தில்தான் இன்றும் ஐரோப்பாவில் நவம்பர் 11இல் வாத்தை வறுத்துத் தின்கிறார்களாம்!

பட்டம் கொடுக்க வந்த ஆயர்களில் சிலருக்கு இந்த ஆளைப் பிடிக்கவில்லை. சொன்ன காரணம் கொள்கையல்ல. மூஞ்சி லட்சணமில்லை, உடுப்பு அழுக்கு, தலை சீவவில்லை, இவனெல்லாம் ஆயரா? இதில் முன்னால் நின்றவர் தெஃபென்சோர் என்ற ஆயர். அன்று கோவிலில் அவ்வளவு கூட்டம்; வாசகம் படிக்க வேண்டியவர் உள்ளே வர முடியவில்லை. பக்கத்தில் இருந்த ஒருவர் திருப்பாடல் நூலை எடுத்து, கண்ணில் பட்ட வரியைப் படித்தார். எட்டாம் திருப்பாடல், குழந்தைகளின் வாயால் கடவுள் பகைவனை அடக்குகிறார் என்ற இடம். அந்தக் காலத்து லத்தீன் பெயர்ப்பில் அங்கே ‘பகைவனையும் தெஃபென்சோரையும்’ என்றே வரும். கூட்டம் போட்ட கூச்சலை நீங்களே நினைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆயரான பிறகும் அவர் சீவிக்கொள்ளவில்லை. ஊரிலிருந்து இரண்டு மைல் தள்ளி, லுவார் நதிக்கும் பாறைக்கும் நடுவே ஒரு மரக்குடிலில் இருந்தார். அதுதான் பின்னாளில் மார்மூத்தியே மடம். எண்பது சீடர்கள், பலர் பாறையைக் குடைந்த பொந்துகளில். விற்க வாங்க அனுமதியில்லை. செய்யத் தகுந்த ஒரே தொழில் நூல்களைப் படியெடுப்பது, அதுவும் இளையவர்களுக்கு மட்டும். அவருடைய உடுப்பின் ஓரத்தில் பிசிறுகிற நூலைக்கூட ஜனங்கள் பிய்த்துக்கொண்டு போய் நோயாளிகளின் விரலிலும் கழுத்திலும் கட்டினார்கள் என்கிறார் சுல்பீசியுஸ்.

கிராமங்களில் அவர் பழைய தெய்வங்களின் கோவில்களை இடித்தார், புனித மரங்களை வெட்டினார். இதை அவரது பெருமையாகவே நூல் சொல்கிறது. தெருவுக்கு ஒரு மரத்தடிக் கோவில் இருக்கும் ஊரில் பிறந்த எனக்கு அந்தப் பக்கங்கள் தொண்டையில் சிக்குகின்றன. ஒரு ஊரில், விழப்போகிற திசையில் நீ நின்றால் நாங்களே எங்கள் பைன் மரத்தை வெட்டுகிறோம் என்றார்களாம். இவரும் போய் நின்றாராம். மரம் மறுபக்கம் விழுந்ததாம். துணிச்சல்தான். ஆனால் மரம் அவர்களுடையது.

அதே கையோடு இன்னொன்றும் செய்தார், அதற்காக அவரைப் பாதி மன்னிக்கிறேன். தூருக்குப் பக்கத்தில் ஒரு கல்லறைமேல் பீடம் இருந்தது. யாரோ வேதசாட்சியின் கல்லறை என்று ஜனங்கள் கும்பிட்டார்கள். முந்தைய ஆயர்களே வைத்த பீடம் என்றும் பேச்சு. மார்ட்டின் போய்ப் பெரியவர்களிடம் கேட்டார்: செத்தவர் பெயர் என்ன, எந்தக் காலம்? ஒருவருக்கும் தெரியவில்லை. கொஞ்ச காலம் அந்தப் பக்கம் போகாமல் இருந்தார். பிறகு ஒருநாள் கல்லறைமேல் நின்று செபித்தபோது இடப்பக்கம் அழுக்கான, கொடூரமான ஒரு நிழல் நின்றது. நான் ஒரு கொள்ளைக்காரன், என் குற்றத்துக்காக என்னை வெட்டினார்கள், வேதசாட்சிகளுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்றது. கூட நின்றவர்களுக்குக் குரல் மட்டும் கேட்டதாம். பீடத்தை எடுத்துவிட்டார். பக்தி என்றால் கேள்வி கேட்கக் கூடாது என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த நிழல் ஞாபகம் வரும்.

இன்னொரு நாள் அறைக்குள் கிறிஸ்துவே வந்தார். அரசருக்குரிய உடுப்பு, பொன்னும் மணியும் வைத்த முடி, பொன் பூசிய காலணி. நான் கிறிஸ்து, நம்பு என்றார். மார்ட்டின் ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: ஊதா உடுப்பிலும் முடியிலும் வருவேன் என்று என் ஆண்டவர் சொல்லவில்லை, பாடுபட்ட கோலத்தில், சிலுவைக் காயங்களோடு வந்தால்தான் நம்புவேன். வந்தது புகையாக மறைந்தது. அறையில் நாற்றம் மட்டும் மிஞ்சியது. அமியானில் பாதிப் போர்வையோடு கிறிஸ்துவைப் பார்த்த கண்ணை இந்த ஊதாத் துணியால் ஏமாற்ற முடியவில்லை.

அரண்மனையிலும் அந்தக் கண்தான். ட்ரையர் நகரில் பேரரசர் மாக்சிமுஸ் விருந்து வைத்தார். கிண்ணத்தை முதலில் ஆயருக்குக் கொடுக்கச் சொன்னார். அவர் குடித்துவிட்டுத் தன் கையில் தருவார் என்ற எதிர்பார்ப்பு. மார்ட்டின் குடித்துவிட்டுத் தன்னோடு வந்த குருவிடம் கொடுத்தார். இது வேடிக்கைக் கதை. அதே ட்ரையரில் நடந்த மற்றது வேடிக்கையல்ல.

ஸ்பெயினில் பிரிசில்லியான் என்ற ஆயர் கடும் தவமும் புதிய போதனையுமாகக் கூட்டம் சேர்த்தார். அவரைத் துரத்தியவர்களில் முக்கியமானவர் இத்தாசியுஸ் என்ற இன்னொரு ஆயர். நோன்பிருப்பவன், படிப்பவன் எவனைக் கண்டாலும் பிரிசில்லியானின் ஆள் என்பாராம். மார்ட்டினையே பதிதன், அதாவது சபையின் போதனையை விட்டு விலகியவன், என்றார். வழக்கு பேரரசரிடம் போனபோது மார்ட்டின் கெஞ்சினார்: தவறான போதனை என்றால் சபையை விட்டு விலக்குங்கள், அது போதும், சபை வழக்கில் அரசு நீதிபதி உயிரை எடுப்பது இதுவரை கேள்விப்படாத கொடுமை. ரத்தம் சிந்தமாட்டேன் என்று மாக்சிமுஸ் வாக்குக் கொடுத்தார். மார்ட்டின் ஊர் திரும்பினார். 385இல் பிரிசில்லியானையும் வேறு சிலரையும் வெட்டினார்கள். குற்றச்சாட்டில் சூனியம் என்று எழுதியிருந்தது. கிறிஸ்தவ அரசு கிறிஸ்தவர்களைக் கொள்கைக்காகக் கொன்றதில் அதுதான் முதல் என்று வரலாற்றில் குறிக்கிறார்கள்.

அடுத்து, மிச்சமிருப்பவர்களைத் தேட ஸ்பெயினுக்குப் படை அனுப்ப ஏற்பாடு. வெளிறிய முகத்தையும் உடுப்பையும் வைத்தே யார் பதிதன் என்று முடிவு செய்கிற காலம் அது என்கிறார் சுல்பீசியுஸ். மார்ட்டின் மறுபடி ட்ரையர் போனார். இத்தாசியுஸின் கூட்டத்தாரோடு சேர்ந்து பூசைப் பலி நிறைவேற்றமாட்டேன் என்று நின்றார். நீ அவர்களோடு சேர்ந்தால் படையை நிறுத்துகிறேன் என்றார் பேரரசர். ஒரு ராத்திரி. மார்ட்டின் ஒத்துக்கொண்டார், படை நின்றது, உயிர்கள் தப்பின. மறுநாள் திரும்பும் வழியில், இன்றைய லக்சம்பர்க்கில் இருக்கும் ஒரு காட்டில், கூட வந்தவர்களை முன்னால் போகவிட்டுத் தனியாக உட்கார்ந்துவிட்டார். செய்தது சரியா, தப்பா என்று மனசே மனசோடு வழக்காடியது. ஒரு வானதூதர் வந்து, வருந்துவது நியாயம்தான், ஆனால் உனக்கு வேறு வழி இருக்கவில்லை என்றாராம். அதற்குப் பிறகு சாகும்வரை அவர் எந்த ஆயர் மன்றத்துக்கும் போகவில்லை. நோயாளிகளைக் குணமாக்கும் வல்லமை தனக்குக் குறைந்துவிட்டது என்று கண்ணீரோடு சொல்வாராம். குதிரைமேல் உட்கார்ந்த மார்ட்டினை வரைந்தவர்களில் யாராவது அந்தக் காட்டில் உட்கார்ந்த மார்ட்டினையும் வரைந்திருக்கலாம்.

397இல் கான்த் என்ற ஊரில் குருக்களுக்குள் சண்டை. தீர்த்துவைக்கப் போன இடத்தில் படுத்துவிட்டார். சாம்பல்மேல் படுத்து, “ஆண்டவரே, உம் மக்களுக்கு இன்னும் நான் வேண்டுமென்றால் உழைக்க மறுக்கமாட்டேன்” என்றார். நவம்பர் 8இல் உயிர் போனது. உடனே புவாத்தியேக்காரர்களுக்கும் தூர்க்காரர்களுக்கும் உடல் யாருக்கு என்று தகராறு. எங்கள் துறவி என்றார்கள் அவர்கள், எங்கள் ஆயர் என்றார்கள் இவர்கள். புவாத்தியேக்காரர்கள் தூங்கியதும் தூர்க்காரர்கள் உடலை ஜன்னல் வழியாக இறக்கிப் படகில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இதைப் பெருமையாக எழுதியிருக்கும் கிரகோரியார் தூரின் ஆயர், ஆறாம் நூற்றாண்டுக்காரர். வயிற்றுக்கோளாறு வந்தால் மார்ட்டின் கல்லறைத் தூசியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தவர். அடக்கம் நவம்பர் 11. அதுதான் திருநாள்.

அடுத்து அரசர்கள் வந்தார்கள். மார்ட்டினின் போர்வை என்று ஒரு துணியைப் பிராங்கு அரசர்கள் பொக்கிஷமாக வைத்திருந்தார்கள். அதன்மேல் சத்தியம் வாங்கினார்கள், அதைப் போருக்குத் தூக்கிப் போனார்கள். லத்தீனில் போர்வை கப்பா. அது இருந்த இடம் கப்பெல்லா. ஆங்கிலத்தில் சேப்பல் என்பதும், போர்த்துகீசியர் வழியாக மலையாளத்தில் கப்பேள என்பதும் அந்தத் துணியிலிருந்து வந்தவைதான். சண்டை போட எனக்கு அனுமதியில்லை என்ற மனிதரின் துணி, படைக்கு முன்னால்! 1918இல் முதல் உலகப்போர் நின்றது நவம்பர் 11இல் என்பதை இதோடு சேர்த்து யோசித்தால் அவர் சார்பில் யாரோ கணக்குத் தீர்த்த மாதிரி இருக்கிறது.

1562இல் மதப்போரில் அவருடைய எலும்புகளை எரித்தார்கள்; கொஞ்சம்தான் தப்பியது. 1860இல் லெயோ துப்போன் என்பவரின் விடாமுயற்சியால் கல்லறை இருந்த இடத்தை மறுபடி தோண்டிக் கண்டுபிடித்தார்கள். நான் படியிறங்கிப் போய் நின்றது அங்கேதான். தாழ்ந்த கூரை, மெழுகுத்திரி வாசனை, சுவரில் ‘நன்றி’ என்று பொறித்த பளிங்குப் பலகைகள். ஒரு பாட்டி கல்லறைமேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு யாரிடமோ வாக்குவாதம் செய்வதுபோல் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நம் ஊர்க் கெபியில் பார்க்கிற அதே உரிமை.

வெளியே வந்து சித்தப்பாவுக்கு போன் போட்டேன். உங்களுக்கு அசல் மார்ட்டின் இங்கே இருக்கிறார் என்று போர்வைக் கதையைச் சொன்னேன். தையல்காரர் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டார்.

“நீளவாக்குல வெட்டினாரா, குறுக்க வெட்டினாரா?”

“அதெல்லாம் எழுதலை சித்தப்பா.”

“எப்படி வெட்டினாலும் பாதி வெச்சுக்கிட்டு ரெண்டு பேருக்கும் குளிர் போகாதேப்பா. ஓரம் அடிக்காம பிசிறிக்கிட்டு வேற வரும். முழுசா குடுத்திருக்கலாம்.”

அப்போதுதான் இன்னொரு கதையைச் சொன்னேன். இதையும் சுல்பீசியுஸ்தான் எழுதியிருக்கிறார், ஆனால் இதைப் படம் வரைந்தவர்கள் குறைவு. மார்ட்டின் ஆயராகி வயதான காலம். குளிர். கோவிலுக்குப் போகும் வழியில் துணியில்லாத ஏழை ஒருவர் உடுப்புக் கேட்கிறார். தலைமைத் திருத்தொண்டரைக் கூப்பிட்டு இவருக்கு உடனே ஒன்று கொடு என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விடுகிறார். திருத்தொண்டர் இழுத்தடிக்கிறார். அந்த ஏழை நேரே அறைக்குள் வந்து அழுகிறார். மார்ட்டின் யாருக்கும் தெரியாமல் மேலங்கிக்குள் போட்டிருந்த சட்டையைக் கழற்றிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார். முழுச் சட்டை. கொஞ்ச நேரத்தில் திருத்தொண்டர் வந்து, ஜனங்கள் காத்திருக்கிறார்கள், பூசைக்கு வாருங்கள் என்கிறார். முதலில் ஏழைக்கு உடுப்பு வரட்டும், அதற்குமுன் நான் வரமுடியாது என்கிறார் மார்ட்டின். மேலங்கி மூடியிருப்பதால் உள்ளே ஒன்றுமில்லை என்பது திருத்தொண்டருக்குத் தெரியவில்லை. ஏழையைத்தான் காணோமே என்கிறார். உடுப்பை என்னிடம் கொண்டு வா, போட்டுக்கொள்ள ஏழை இருக்கிறான் என்கிறார் இவர். எரிச்சலில் திருத்தொண்டர் பக்கத்துக் கடைக்கு ஓடி, ஐந்து வெள்ளிக்காசுக்கு, மட்டமான, குட்டையான, சொரசொரப்பான ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு வந்து காலடியில் எறிகிறார். “இந்தா உடுப்பு. ஏழைதான் இங்கே இல்லை.” மார்ட்டின் அவரைக் கொஞ்சம் வெளியே நிற்கச் சொல்லிவிட்டு அதைப் போட்டுக்கொண்டு போய்ப் பலி நிறைவேற்றினார். அன்று அவர் தலையிலிருந்து நெருப்புக் கோளம் எழுந்ததைச் சிலர் பார்த்தார்களாம்.

சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. மெஷின் சத்தமும் இல்லை.

“கை நீளம் சரியா இருந்துச்சா?”

பிற்காலத்தில் இந்தக் கதையைத் திருப்பிச் சொன்னவர்கள் அதையும் விட்டுவைக்கவில்லை. கை முழங்கை வரைக்கும்தான் வந்ததாம். பூசையில் கையை உயர்த்தியபோது அதுவும் வழுக்கி இறங்கிவிட, வெறும் கையை மறைக்க வானதூதர்கள் பொன்னும் மணியும் கொண்டுவந்து மாட்டினார்களாம். சொன்னேன்.

“பொன்னு இருக்கட்டும்” என்றார் சித்தப்பா. “அளவெடுக்காம வாங்கினா கை குட்டையாத்தான் வரும்.”

வரும் நவம்பரில் லட்டு எந்தத் தேதிக்கு என்று கேட்டேன். இரண்டு நாளும் போடலாம், செலவு உன்னுடையது என்றார்.